வேப்பமரத்தடியில் போட்ட முள்

அண்ணே,

இன்று காலை தாயில்பட்டிக்குப் போயிருந்தேன். உன் பட்டாசுக் கம்பெனி வேப்பமரத்தடியில் ஒரு கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியது. நீ போட்ட முள்தான். பிடுங்கிவிட்டு, வலி அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலையை அறைக்குள்தான் செய்ய வேண்டும், அதிலும் அளவான ஆட்களோடு என்பதை மனதார நம்பியவன் நீ. ஆனாலும் தீபாவளி ஆர்டர் நெருக்கினால், கூடுதல் ஆட்களை இந்த மரத்தடியில் உட்கார வைத்துவிடுவாய். ஒரு பொறி போதுமே என்று நான் சொன்னால், "உள்ள வெக்கை தாயி. இங்கன காத்து வருதுல்லா. இந்த சீசன் முடியட்டும்" என்பாய். அன்று உனக்குச் சோறு இறங்காது. உறுத்தல் இருந்தது. அதை ஆற்ற ஒரு சமாதானமும் கூடவே இருந்தது. கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள் நான். மனிதர்கள் செய்வதை மாற்றமாட்டார்கள், அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் மாற்றுவார்கள் என்று உன்னைப் பார்த்தே முடிவுகட்டியிருந்தேன்.

பிறகு, கம்பெனி ஆட்களுக்கு நடக்கும் பாதுகாப்பு வகுப்பில் பேச வேண்டியவர் வராத அந்த நாள். நானும் அங்கிருந்தேன். நீயே எழுந்து பேசினாய், நன்றாகவே பேசினாய். "எந்த ஆர்டரும் உங்க உசுர விடப் பெருசில்ல" என்றபோது, திரி வைக்கும் மாரியம்மாள் எழுந்தாள்.

"மொதலாளி, இம்புட்டு நல்லாப் பேசுதீக. நேத்து எங்கள மரத்தடியில உக்கார வச்சது யாரு, உங்க மச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாய். அத்தனை பேர் முன்னால் பேசிவிட்ட பிறகு, சீசன் என்ற சாக்கு எடுபடாது என்று உனக்கே தெரிந்தது. மறுநாள், இனி யாரும் உட்கார முடியாதபடி ஒரு டிராக்டர் முள் வந்து மரத்தடியில் இறங்கியது. ஒரு பெரிய ஆர்டரைத் திருப்பி அனுப்பினாய்.

"மனசு மாறிட்டேன்னா நீ நம்பமாட்ட. முள்ள நம்புவேல்லா?" என்றாய்.

நம்பினேன், அண்ணே.

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பின் இது முதல் சீசன். இன்று உன் மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அத்தை, முள்ள அள்ளிருவமா? இந்த ஒரு சீசனுக்கு மட்டும்." குரல்கூட உன்னுடையதுதான். என்னிடம் கேட்கத் தோன்றியதிலேயே, அவனுக்கும் உறுத்துகிறது என்று தெரிந்தது. அது போதும் எனக்கு. புத்தி சொல்லவில்லை.

"திங்கக்கிழமை பாதுகாப்பு வகுப்புல நீயே பேசிரு" என்றேன்.

"நானா? எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"உங்கப்பாவுக்குப் பேச வந்துச்சுல்லா."

சரி என்றிருக்கிறான். முதல் வரிசையில் உட்காரும்படி மாரியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.