எட்டாவது மூன்று

நாம் தின் நகரம்,
19 நவம்பர் 1984

அன்பு மகன் கியெனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை லுவாவும் சுகம், கீவ் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் இருமல் குறைந்திருக்கிறது. இந்த மாத ரேஷனில் அரிசியைவிடக் கல்தான் அதிகம், பல்லுக்கு நல்ல பயிற்சி. நாளை ஆசிரியர் தின விழா. லுவாவின் வகுப்பு கண்டுபிடித்த பெரிய பகா எண்ணை மாகாண அதிகாரி முன்னால் மேடையில் வாசிக்கப்போவது அவள்தான். இந்த வீட்டில் மூளைக்குப் பஞ்சமில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணா, இதுவரை அம்மா சொல்லி நான் எழுதியது. அம்மா தூங்கிவிட்டாள். இனி நான், லுவா. விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்தைக் கிண்டல் செய்யாதே. எங்கள் கணக்கு வாத்தியார் கொவாட் சாருக்கு மூன்றின் மேல் உள்ள காதல் உனக்குத் தெரியும். 31, 331, 3331 என்று முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாம் பகா எண். போன வருடம் 33333331 வரை பார்த்துவிட்டோம், எதனாலும் வகுபடவில்லை. ஏழு மூன்று போதாதென்று இந்த வருடம் எட்டு: 333333331. கூட்டுறவுப் பண்ணையில் நாற்று நடுவதைப் பங்கு போடுவதுபோல் சார் வகுத்தலைப் பங்கு போட்டார். அதன் வர்க்கமூலம் பதினெட்டாயிரத்துச் சொச்சம், அதுவரை வகுத்துப் பார்த்தால் போதும்; மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் பகா எண்கள், நாற்பத்திரண்டு பேர், ஆளுக்கு ஐம்பது. அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன் என்று இரக்கப்பட்டு எனக்கு மட்டும் முதல் ஐம்பது குட்டி எண்கள். "எங்களுக்கு எலும்பு, உனக்கு மட்டும் கஞ்சியாடி?" என்று பக்கத்து பெஞ்சு பிக் முறைத்தாள்.

அந்தக் கஞ்சியையும் நான் குடிக்கவில்லை. அன்று ரேஷன் வரிசையில் எனக்கு இடம் பிடித்திருந்த செங்கல்லை எவனோ தூக்கி எறிந்துவிட்டான், திரும்பக் கடைசியில் போய் நின்றேன். முந்தைய எண்களைத் தொடாத குட்டிகள் இதையா தொடப்போகின்றன என்று, நின்றபடியே ஐம்பதுக்கும் 'வகுபடாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட மேதை உன் தங்கை! மற்ற நாற்பத்தொரு பேரும் மூன்று வாரம் பென்சில் நகக்கண் அளவு ஆகும்வரை வகுத்தார்கள். பிக் பழைய செய்தித்தாளின் ஓரங்களைக்கூட விடவில்லை. இன்று சாயங்காலம் சிவப்புச் சாயத்தில் எண்ணைத் துணியில் எழுதி மேடையில் கட்டினார்கள். சார் என் தோளைத் தட்டி, "தலைய நிமிர்த்தி வாசிம்மா, இது நம்ம ஊரு எண்ணு" என்றார். அப்போதுதான் வகுக்காமல் விட்ட என் ஐம்பது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து வகுத்தேன். ஏழு இல்லை, பதினொன்று இல்லை, பதின்மூன்று இல்லை. பதினேழு, மீதி பூச்சியம். நாலு தடவை வகுத்தேன், நாலு தடவையும் 19607843 பல்லை இளித்தது.

வேறு யாருக்கும் தெரியாது. அதிகாரி உட்கார்ந்து வகுக்கவா போகிறார், கை தட்டிவிட்டு வாத்துக்கறி சாப்பிட்டுப் போய்விடுவார். ஆனால் சார் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பொய்யை நான் மைக்கில் வாசிக்க வேண்டும். என்னால் முடியாது அண்ணா. விடிந்ததும் சார் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வாரோ என்று நினைத்தாலே குளிர்கிறது. துணியின் இடது ஓரத்தை மடித்துக் கட்டினால் ஒரு மூன்று மறைந்துவிடும், மிச்சம் போன வருடத்து யோக்கியமான எண், அதில் என் பங்கை ஒழுங்காக வகுத்திருக்கிறேன். என்னைத்தான் எங்கே மடித்து மறைப்பது என்று தெரியவில்லை.

அம்மா எழுதச் சொன்ன பெருமையை நான் கோடு போட்டு அடிக்கவில்லை, நீயே மனதில் அடித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகப் படி, நன்றாக இரு என்பது அவளுடைய ஆசி. மறக்காமல் ஒன்று செய்: அறிவுரை அனுப்பாதே, அது உன்னிடம் மூட்டைக்கணக்கில் இருப்பது தெரியும். நாற்பத்தொரு பென்சில் அனுப்பு.

அம்மாவுக்காக எழுதியவளும், தனக்காக எழுதியவளுமான
லுவா