எட்டா, அறுநூறா

மத்திகிரி, 9 ஜனவரி 1956
சென்னையிலிருந்து பேராசிரியரின் கடிதம். ஒருவழியாக என் ஆய்வேட்டுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். "ஊர்ப்புறத்து தர்காவெல்லாம் வரலாறா, ஜெபசீலி? பள்ளிக்கூடத்தில் அசோகரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இரு" என்று மூன்று வருஷம் சொன்ன அதே மனிதர்! குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போகும் வழியிலுள்ள தர்காவின் கல்வெட்டுதான் அவர் வாயை அடைத்தது. ஹிஜ்ரி 588, அதாவது கி.பி. 1192. சுல்தான்களின் படை தெற்கே வருவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே ஒரு சூஃபி தன்னந்தனியாக இங்கே நடந்து வந்திருக்கிறார். வாளுக்கு முன்னால் வந்தவர். என் ஆய்வு முழுவதும் இந்த ஒரு வருஷத்தின் மேல்தான் நிற்கிறது.

மார்ச்சில் பெண்கள் கல்லூரியில் நேர்முகம். விரிவுரையாளர் வேலை.

22 ஜனவரி
புகைப்படம் எடுப்பதற்காகக் கல்வெட்டின் மைப்படியை விரித்தேன். சமாதிக்குள் பெண்கள் போகக்கூடாது என்பதால், கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்து வந்தவன் தம்பி யேசுராஜ். மாட்டுப்பண்ணைக் குமாஸ்தா. பாரசீகத்தில் ஓர் எழுத்து தெரியாது. வெயிலில் பார்த்தால், 'ஹே' எழுத்தின் மேல் தாள் சொரசொரவென்று இருக்கிறது.

கேட்டேன். "மை சிந்திருச்சுன்னு நெனச்சேன்க்கா. மத்த புள்ளியெல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, இது மட்டும் தனியா ஒதுங்கி நின்னுது. அசிங்கமா இருக்குதேன்னு பிளேடுல சுரண்டிட்டேன்."

கல்லில் வருஷம் எண்ணாக இல்லை. கடைசி வரியின் எழுத்துகளுக்குரிய மதிப்பைக் கூட்டினால்தான் வருஷம். 'ஹே' என்றால் எட்டு. அதன் மேல் ஒரு புள்ளி வைத்தால் 'கே' — அறுநூறு. அப்படியானால் 588 இல்லை, ஹிஜ்ரி 1180; கி.பி. 1766. ஐதர் அலி காலம்! படைகளெல்லாம் வந்து போய் நானூறு வருஷம் ஆன பிறகு.

ஒருவேளை மைதானோ? மையாகவே இருக்கட்டும், ஆண்டவரே.

23 ஜனவரி
அவனோடு பேசவில்லை.

3 பிப்ரவரி
தர்காவுக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொள்ளும் முஜாவர் சையது பாஷா வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சரம்மா, நீங்க நல்ல மனுசி, நா இல்லேங்கல. உள்ள பொம்பளைங்க போறதில்லீங்களே."

சந்தைக்கு எருமை ஓட்டிப் போகும் கரியப்பன் செருப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே போனார். வெளியே வந்ததும், கல்லில் புள்ளி தெரிந்ததா என்று கேட்டேன். "எந்தக் கல்லும்மா? நா கண்ண மூடிக்கினு இல்ல வேண்டிக்கினேன்."

எருமைக்காரர் உள்ளே போகலாம். பாரசீகம் படித்தவள் வெளியே நிற்க வேண்டும்.

13 பிப்ரவரி
சந்தேகத்தைப் பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. "முதலில் வேலை உறுதியாகட்டும். அதுவரை அந்தக் கல்லின் பக்கமே போகாதே." கல்லையே நம்பாதவர், இப்போது கல்லைக் காப்பாற்றுகிறார்!

14 பிப்ரவரி
பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கா இந்தப் புத்தி போகிறது? சீ.

19 பிப்ரவரி
கோயிலிலிருந்து வந்தால், யேசுராஜ் என் பாரசீக அரிச்சுவடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "கீழ ஒரு புள்ளி வந்தா 'பே'தானக்கா?" சோறு வடித்துவிட்டு வந்து, "ஆமாம்" என்றேன். விளக்கு ஏற்றும்வரை இருவரும் அதைத்தான் படித்தோம்.

2 மார்ச்
அடுத்த வாரம் நேர்முகம். யேசுராஜ் லீவு போட்டான். தர்காவுக்குள் அவன் போனான், நான் படிக்கு வெளியே உட்கார்ந்தேன். அவன் சொல்வதை எழுதக் கொண்டுபோன தாள், டைப் அடித்த ஐந்தாம் அதிகாரம். 588 பற்றியது. வெற்றுப் பின்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்துக்கொண்டேன்.

அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசி வரியில் நிறுத்தினான்.

"வளைஞ்ச எழுத்துக்கா. வயித்துல புள்ளி இல்ல."

"மேலே?"

முஜாவர் என் முகத்தையே பார்த்தார்.

"இருக்குது. கல்லுலயே எழும்பி நிக்குது. விரல் வெச்சுப் பாத்துட்டேன். இது சுரண்டுனாலும் போவாதுக்கா."

அறுநூறு என்று எழுதினேன்.