பெட்டி ஏறிய பலகை

ஆவடியில் நேற்று ஒரு திருமண வரவேற்பு. குழுவின் வேனிலிருந்து உன் பலகையை இறக்கியதும், மழையில் நனைந்த கயிற்றுப்பாயின் வாடை குப்பென்று வந்தது. மண்டபத்துக்காரர் மூக்கைச் சுளித்தார். எனக்கோ நீயே பக்கத்தில் வந்து, "இன்னாமே, துன்னுட்டியா?" என்று சாப்பாட்டை விசாரித்தது போலிருந்தது.

உன்னை முதன்முதலில் பார்த்தது திருவேற்காட்டுப் பக்கம், ஒரு தெருவில் கூழ் ஊற்றிய ஆடி ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லிலிருந்து வந்து அம்பத்தூரில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறையில் மெல்லிசைக் குழுவோடு பாடப் போய்க்கொண்டிருந்தேன். நீ சொந்த வேனில் மைக் செட் கொண்டுவருகிறவள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் முன்னால் நீ உட்கார்ந்திருக்க, எங்கள் குழுவில் பாதிப் பேர் உன்னிடமே வந்து, "மைக் செட்டுக்காரர் எங்கம்மா?" என்று விசாரித்தார்கள். நீயும் சளைக்காமல், "டீ குடிக்கப் பூட்டாரு, வருவாரு" என்று அனுப்பிக்கொண்டிருந்தாய்.

என்னை மேடையேற்ற அப்போது ஒரு முறை இருந்தது. நான்கு பேர் சக்கர நாற்காலியோடு தூக்குவார்கள். கூட்டம் கைதட்டும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கிடைக்கும் அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்காது. சொன்னால் தூக்குகிறவர்கள் மனம் நோகுமே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். பாட்டும் அப்படித்தான். எனக்கென்று ஒதுக்குவது ஓர் அம்மன் பாட்டு, ஒரு சோகப் பாட்டு. குத்துப் பாட்டெல்லாம் நின்று ஆடுகிறவர்களுக்கு. உட்கார்ந்திருக்கிறவள் அழவைத்தால் போதும் என்பது எழுதாத சட்டம்.

அன்றும் நால்வர் வந்து நாற்காலியைப் பிடித்தார்கள். நீ எட்டிப் பார்த்தாய்.

"இருங்கப்பா. இம்மாம் பெரிய பாக்ஸே உருண்டுகினு மேல ஏறிச்சு. இந்தம்மா ஏற மாட்டாங்களா?"

ஸ்பீக்கர் பெட்டிகளை உருட்டி ஏற்ற மைக் செட்டுக்காரர்கள் மேடையோரம் ஒரு சாய்வுப் பலகை போடுவார்கள். கடைசிப் பெட்டி ஏறியதும் அதைக் கழற்றி மேடைக்கடியில் தள்ளிவிடுவது வழக்கம். எத்தனையோ கச்சேரிகளில் அதைப் பார்த்திருக்கிறேன், எனக்கே தோன்றியதில்லை. நீ அதை வெளியே இழுத்துப் போட்டாய். பாதி ஏறி, சறுக்கிப் பின்னால் வந்தேன். என்னைத் தாங்கிக்கொண்டே, "பாக்ஸு கூட இம்மாம் அழிச்சாட்டியம் பண்ணல" என்றாய். இன்னொரு பலகையை நீட்டிச் சேர்த்து, வழுக்காமல் இருக்கக் கயிற்றுப்பாயை விரித்துக் கட்டினாய். இந்த முறை என் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி மேலே போனேன். ஒருவரும் கைதட்டவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

மைக்கை என் உயரத்துக்கு இறக்கியபடி, "இன்னா பாடப் போற?" என்றாய்.

"சோகப் பாட்டு."

"புட்ச்சித்தான் பாடுறியா?"

"பிடிச்சது குத்துப் பாட்டு. யார் குடுக்கிறா?"

நேராக மிக்சருக்குப் போனாய். கச்சேரிக்கு முன்னால் சத்தத்தைச் சரிபார்க்க, பாடுகிறவர்கள் ஆளுக்கு இரண்டு வரி பாடிக் காட்ட வேண்டும். என் முறை வந்தபோது, குழுத் தலைவர் காதில் விழும்படி சொன்னாய்: "எம்மா, சோகத்துல பேஸு, அடிச் சத்தம் தெரியாது. நல்லா எறங்கிக் குத்துற பாட்டா பாடு."

பாடினேன். டிரம்ஸ்காரர் கை சும்மா இருக்காமல் சேர்ந்துகொண்டது. கீழே கூழுக்கு நின்ற வரிசை முதலில் தலையை ஆட்டியது, பிறகு இடுப்பை. ஓர் அம்மா தூக்குச்சட்டி மூடியில் தாளம் போட்டார். முழுப் பாட்டும் முடிந்த பிறகுதான் தலைவர் வாயைத் திறந்தார். "சரி, சாயங்காலம் இதையே முதல் பாட்டா வெச்சுக்கலாம்."

மாலையில் அறிவிப்பாளர் உருக்கமாகத் தொடங்கினார்: "கால்களைக் கடவுள் பறித்துக்கொண்டாலும்..." அவ்வளவுதான், அவர் மைக் செத்துவிட்டது. தட்டினார், ஊதினார். நீ மிக்சரிலிருந்து கையை விரித்தாய். "ஒயரு லூஸா கீது." அதற்குள் நான் பாட ஆரம்பித்துவிட்டேன்.

அதன் பிறகு எந்த ஊரில் யார் அப்படித் தொடங்கினாலும், சொல்லிவைத்தாற்போல ஒயர் லூஸாகிவிடும். வேப்பம்பட்டிலிருந்து பூந்தமல்லிவரை உன் மைக் செட்டுக்குக் கெட்ட பெயர். "பேரு போனா போவுது, அந்தப் பேச்ச எவன் கேக்கறது" என்பாய்.

நீ போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. வேனை உன் தம்பி விற்றபோது பலகையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மிக்சர் முன்னால் வேறு ஆளைப் பார்க்க இன்னும் பழகவில்லை, சில நாள் அழுகைகூட வருகிறது. ஆனால் நேற்று நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். பலகையைப் போட்டதும் முட்டிவலிக்காரத் தபேலா அண்ணன் அதில் ஏறினார். நிறைமாத வயிற்றோடு பாட வந்த பெண் ஏறினாள். வாழ்த்த வந்த பெரியவர்கள் எல்லாரும் அதிலேயே ஏறினார்கள். படிக்கட்டு பாவம், ஈயோட்டிக்கொண்டிருந்தது.

பிறகு புது அறிவிப்பாளர், நல்ல பிள்ளை, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தான்: "நடக்க முடியாத நிலையிலும்..."

என் கண் தானாக மிக்சர் பக்கம் போனது. புது ஆள் ஃபோனில் மூழ்கியிருந்தார். அந்தப் பேச்சை இத்தனை வருடத்தில் நானாக ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. அதற்கு நீ இருந்தாய்.

என் மைக்கை வாயருகே இழுத்தேன்.

"தம்பி, உன் ஒயரு லூஸா கீது."

அவன் குழம்பிப்போய் மைக்கைத் தட்டிப் பார்த்தான். அன்று திருவேற்காட்டில் அடித்த அதே டிரம்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, டிரம்ஸ் குச்சியை ஓங்கினார். எடுத்த எடுப்பிலேயே குத்துப் பாட்டு.