கொட்டகைப் பிள்ளை

9 பிப்ரவரி, ஞாயிறு

எங்கள் பள்ளியின் சிவப்புக் கட்டடத்துக்கு இன்று 'பாரம்பரியக் கட்டடம்' என்று பலகை வைத்தார்கள். பழைய மாணவிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். கோச்சடையிலிருந்து நானும் மகள் யாழினியும் நாத்தனார் கலாவும் ஒரே காரில் போனோம். கலாவும் நானும் அங்கே ஒரே வருஷத்து மாணவிகள். அவள் இங்கிலீஷ் மீடியம், அந்தக் கட்டடம். நான் தமிழ் மீடியம், பின்னால் இருந்த தகரக் கொட்டகை. பரீட்சை எழுத மட்டும் எங்களை உள்ளே விடுவார்கள்.

போட்டோக்காரர், "கட்டடத்துல படிச்சவங்க மட்டும் முன்னாடி வாங்க" என்றார். நானும் ஓரடி எடுத்து வைத்துவிட்டேன்.

"மதினி, நீங்க கொட்டகைப் பிள்ளைல்ல?" என்றாள் கலா. கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் யாழினியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அத்தை ஏறிய மரப்படி, அத்தை உட்கார்ந்த ஜன்னல் என்று அவள் சொல்லச் சொல்ல, பிள்ளை வாய் பிளந்து கேட்டது. என் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாழினி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பலகையில் கலாவின் பெயரா இருக்கிறது? ஆனாலும் வயிறு எரிந்தது. அடுத்த மழைக்கு அந்த ஓடெல்லாம் ஒழுகட்டும் என்றுகூட நினைத்தேன்.

வரும் வழியில் யாழினி கேட்டாள். "அப்ப உன் கொட்டகை எங்கேம்மா?"

"இடிச்சுட்டாங்க. நம்ம காரை நிப்பாட்டுனோம்ல, அங்கதான் இருந்துச்சு."

"அம்புட்டுதானா" என்றாள். மறுபடி அத்தையோடு எடுத்த போட்டோவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.