மஞ்சள் கரை வைத்த வால்

நாயாறு,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள தம்பி றொமேசுக்கு,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக, நீ அனுப்பிய விளையாட்டுப் பிளேனின் வாலை என் கூறைச்சேலைக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன். பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். ஆனாலும் போனில் கதைக்க மனம் துணியவில்லை. இன்று கனடா திரும்பும் சிவரூபியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கடலில் இடுப்பு அடிபட்ட பிறகு கதிரையே கதியென்று இருந்த உன் அத்தான், அந்தப் பிளேன் பெட்டி வந்த நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். கிழிந்த வலை பொத்திப் பழகிய கைக்கு அந்த மெல்லிய மரத்துண்டுகள் சொன்னபடி கேட்டன. இறக்கைக்கு நீலத் தாள், வாலுக்குச் சிவப்பும் மஞ்சளும் என்று நீயே எழுதி ஒட்டியிருந்தாய். தாளைச் சூடு காட்டித்தான் ஒட்ட வேண்டும். எங்கள் ஸ்திரிக்கைப் பெட்டியில் சூடு அடங்காது; பக்கத்து வீட்டு யூலிற்றா தன்னுடையதைக் கொண்டுவந்து தந்தாள். அவர் விளிம்பை இழுத்துப் பிடிக்க நான் தேய்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. அந்தச் சந்தோசத்தில் வாலைக் கையில் பிடித்துச் சிரித்தபடி உனக்குப் படமும் அனுப்பினார். என்ன மாதம் என்பதை இருவருமே மறந்துபோனோம்.

போன கிழமை, அத்தான் கிளினிக்குக்குப் போயிருந்த நேரம், மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். எந்த அரசாங்கக் கந்தோர் என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். றிமோட் எவ்வளவு தூரம் பிடிக்கும், ஆர் அனுப்பியது, கார்த்திகையில் ஏன் பறக்க விடப்போகிறோம் என்றெல்லாம் சிரித்துச் சிரித்துக் கேட்டார். போகும்போது, "மஞ்சள் கரை வைச்ச வால் நல்ல வடிவாம், அக்கா" என்றார்.

வால் அறைக்குள் இருந்தது. அவர் வாசலைத் தாண்டவில்லை. மாவீரர் நாள் வரும் இந்த மாதத்தில் அந்தச் சிவப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு கொடி கட்டினாலே இங்கே விசாரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல.

அறைக்குள் வந்து வாலைப் பார்த்தவள் யூலிற்றா மட்டும்தான். அவளுக்கு அரசாங்க வீட்டுத்திட்டம் எப்படிக் கிடைத்தது என்றுகூட யோசித்தேன். ஸ்திரிக்கைப் பெட்டியை வேலிக்கு மேலால் கொடுத்தேன். ஞாயிறு மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வந்ததும், "என்னக்கா, பெட்டியைத் திருப்பித் தந்தனீங்கள் சரி, முகத்தையும் ஏன் திருப்பிறியள்?" என்று கேட்டாள்.

நேற்று, என்னோடு படிப்பிக்கும் கௌசலா தன் போனைக் காட்டினாள். உன் பேஸ்புக்கில் அத்தான், கையில் வால். "வன்னி வானம் மறுபடியும் எங்கள் கையில்" என்று மேலே எழுதியிருக்கிறாய். எத்தனையோ பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

தம்பி, நிறத்தைத் தெரிந்துதான் அனுப்பினாயா? அதற்குப் பதில் வேண்டாம். படத்தை எடுத்துவிடு.

அத்தானுக்கு இது ஒன்றும் தெரியாது. ஞாயிறு பறக்க விடுவதென்று இருக்கிறார். இருக்கிற தாளுக்கு மேல் இன்னொன்று ஒட்டினால் வால் கனத்து, பிளேன் மூக்கை நிமிர்த்தி விழுந்துவிடும் என்று அவர்தான் சொல்லித் தந்தார். ஆகவே உரிக்கத்தான் வேண்டும். மரமும் சேர்ந்து பிய்யலாம். நாளை அவர் கிளினிக்குக்குப் போனதும் உரிக்கப்போகிறேன். சூடு கூடி என் கையால் பழுதாகிவிட்டது என்று சொல்வேன். இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீலத் தாள் மிச்சம் இருக்கிறது. ஸ்திரிக்கைப் பெட்டிக்குத்தான் மறுபடியும் யூலிற்றாவின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு திரி. மாதா உன்னைக் காக்கட்டும். அத்தானின் சிரிப்பை இனி உன்னோடு மட்டும் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா
நிறஞ்சனா