சணல் கயிற்றில் ஒரு வீடு

கீழ்ப்பிரிவு,
தெமோதரை.
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் கலாராணிக்கு,

உன் முருகையா எழுதுகிறேன். நான் நலம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது உன் மனத் திருப்திக்காகத்தான் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை உண்மையாகவே நலம். நீயும் அந்த வெயில் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேச ஆரம்பித்தால் உன் மேடம் கூப்பிட்டுவிடுகிறார். இங்கே மழை வந்தால் சிக்னலும் போய்விடுகிறது. லீவில் பெரகலைக்கு வந்திருந்த லரீபா அக்கா இந்த வாரம் குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்று ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது நம் லயத்து அறை வாசல்வரை மூடுபனி வந்து நிற்கிறது. எதிர்மலையைக் காணோம். ரோட்டையும் காணோம். இந்த மாதிரி நேரத்தில் நான் படுத்தபடியே எங்கெங்கோ போய் வருகிறேன். சவுக்கு மரத்திலிருந்து விழுந்த பிறகு கனவில்கூட நான் நடந்ததில்லை. அங்கேயும் சக்கர வண்டியில்தான் போகிறேன். ஆனால் கனவில் படிகள் கிடையாது. தேயிலைக்கு நடுவே தண்ணீர் இறங்குவது போல வண்டி தானாகவே இறங்கிப் போகும்.

மண்சரிவு அபாயம் என்று நம் லயத்துச் சனங்களை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? புது வீடுகளுக்குக் கோயிலுக்கு மேலே இருக்கும் பாறை மேட்டைக் காட்டினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒற்றை அறையில் பிறந்து ஒற்றை அறையில் செத்த சனம், சந்தோஷப்படாமல் என்ன செய்யும்? ஆனால் அங்கே ஏற வெறும் படிக்கட்டுதான். இப்போதே பக்கத்து அறை ரமேஸ் அண்ணன்தான் என்னை முதுகில் சுமந்து ரோட்டுக்கு இறக்குகிறார். வண்டி ரோட்டோரக் கடையில் நிற்கிறது. அண்ணனுக்கும் இடுப்பு விட்டுப்போய்விட்டது. அந்த மேட்டுக்கு ஒருநாள் என்னை ஏற்றினால், அதோடு சரி. பிறகு நான் இறங்கப்போவதில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். வீடமைப்பு அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு கொடுப்பதுதான் நியாயம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னைப் போன்றவர்களுக்குப் பதுளையில் ஓர் இல்லம் இருக்கிறது, சாப்பாடும் தருவார்கள் என்றார். கண் தெரியாத இராக்கம்மா அக்காதான் எழுந்து, “நாங்க போய்வர ஏலாத வீட்டக் குடுத்துட்டு எல்லாம் சமம்னு சொல்லாதீங்க சார். எங்க சனத்த விட்டுப் பிரிச்சு எங்கயும் அனுப்பவும் வேணாம்” என்றார்.

சமூக சேவை அலுவலகத்து யோகமலர் மிஸ்ஸை உனக்குத் தெரியும், யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் பிறகு வந்து, “எழுதிக் குடுத்தா வாசிச்சுப்போட்டு வச்சிடுவினம் அண்ணை. நான் அந்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வாறன், உங்களுக்கு என்ன வேணுமெண்டு கண்ணுக்கு முன்னால காட்டுங்கோ” என்றார்.

நாங்கள் கேட்ட இடம் ரோட்டோரத்தில் சும்மா கிடக்கும், முன்பு தேயிலைக் கன்று வளர்த்த பழைய தவறணை. மட்டமான நிலம். எனக்கு ஒரு வீடு, இராக்கம்மா அக்காவுக்கு ஒன்று, சீனி வருத்தத்தில் கால் எடுத்த இராசையா அண்ணனுக்கு ஒன்று. பக்கத்திலேயே ரமேஸ் அண்ணன் குடும்பத்துக்கும் இன்னும் சிலருக்கும். எங்களை மட்டும் ஒரு மூலையில் வைக்கக்கூடாது என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தார்.

அதிகாரி வரும் நாளில் அங்கே குச்சி நட்டு, சணல் கயிறு கட்டி வீடுகளை எழுப்பினோம். இது அறை, இது சமையல்கட்டு, இது உள்ளேயே இருக்கும் கக்கூஸ், இது வண்டி நுழைகிற அகலத்தில் வாசல். நான் வண்டியை உருட்டி உள்ளே போனேன், கலா. யாரும் என்னைத் தூக்கவில்லை. சமையல்கட்டுக்குப் போனேன், திரும்பி வாசலுக்கு வந்தேன், மறுபடியும் போனேன். இராக்கம்மா அக்கா கயிற்றைத் தடவித் தடவி வீடு முழுக்க நடந்துவிட்டு, தன் அறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இராசையா அண்ணன் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் முகத்தை வைத்து, போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பனி இறங்கியது. கயிறும் குச்சியும் மறைந்து, வெள்ளையாகச் சுவர் மட்டும் நிற்பது போல இருந்தது. தூரத்தில் ரயில் கூவியது. அந்த வீட்டில் பல வருடம் வாழ்ந்தவன் போல எனக்கு இருந்தது.

அதிகாரி வந்தார். நேரே கயிற்றைத் தாண்டிக் காலை வைத்தார். அவரது சப்பாத்துச் சத்தம் கேட்டு இராக்கம்மா அக்கா, “அது சுவருங்க சார். வாசல் இந்தப் பக்கம் இருக்கு, வாங்க” என்றார். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தோம். யாரும் சிரிக்கவில்லை. அவர் காலைப் பின்னுக்கு எடுத்து, சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அக்கா அவரைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வெறும் தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு இல்லத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் இழுத்தடித்தார்கள். தோட்டத்துத் தொரை தவறணையைக் கொடுக்க யோசித்தார். மிஸ் விடாமல் ஏறி இறங்கினார். கடைசியில் சரி வந்துவிட்டது. ரோட்டிலிருந்து வண்டி ஏறும் சரிவுப் பாதை மட்டும் திட்டத்தில் இல்லையாம். அதை நாங்களே சிரமதானமாகப் போடுகிறோம், மண் கொட்ட ஆரம்பித்துவிட்டோம். அத்திவாரமும் வெட்டியாகிவிட்டது.

நேற்று மேசன் நௌபர் பாஸ் என்னிடம் ஒன்று கேட்டார். அடுப்புத் திட்டை எந்த உயரத்தில் கட்டுவது, உட்கார்ந்து சமைக்கிறவருக்கா, நின்று சமைக்கிறவருக்கா என்று. உட்கார்ந்து என்றால் நான், நின்று என்றால் நீ. வைகாசியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. மேடம் மறுபடியும் கையெழுத்துக் கேட்பதாகச் சொன்னாய். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. உன் கஷ்டம் எனக்குத் தெரியும், அதனால் இப்போதும் கேட்கவில்லை.

உயரத்தை மட்டும் நீ சொல்லி அனுப்பு. அதுவரை அந்த மூலையைக் கட்டாமல் வைத்திருக்கும்படி பாஸிடம் சொல்லியிருக்கிறேன். அம்மன் உன் கூடவே இருந்து, உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்,
முருகையா