வாக்காளர் இடாப்பில் நான் போட்ட குறி

கிளென் வேவர்லி, மெல்பேர்ண்
திங்கட்கிழமை

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். வட்ஸ்அப்பில் கதைக்கிற மனுசன் ஏன் தபாலில் கடிதம் போடுகிறார் என்று யோசிப்பாய். சில விசயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது, பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, படியேறும்போது மட்டும் இன்னும் பல்லைக் கடிக்கிறார். அண்ணா சுகிர்தன் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட எல்லைக்குள் வீடு தேடிச் சனிக்கிழமை தவறாமல் அலைகிறான், போன கிழமை பார்த்த வீடு நல்ல வீடு, ஆனால் ரோட்டுக்கு மற்றப் பக்கம் என்றபடியால் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

நீ அனுப்பிய கிளாஸ்கோ வரைபடத்தை அவனிடம் சொல்லிப் பெரிதாக அச்சடித்து மேசையில் விரித்துப் பார்த்தேன். இருபத்திமூன்று வட்டாரம், நீங்கள் வார்ட் என்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் அல்லது நாலு பேர், மொத்தம் எண்பத்தைந்து கவுன்சிலர்கள். ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய ஒரே அளவு வாக்காளர்கள் வரவேண்டும் என்பதற்காகக் கோட்டை அங்கும் இங்கும் நகர்த்துவார்கள் என்று எழுதியிருந்தாய், அது எனக்குப் புதிதில்லை. ஒரு வட்டாரத்துக்குக் கனால், அதாவது வாய்க்கால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், வேறு சிலதுக்கு இரண்டு ஊர்க்காரருக்கும் மனம் நோகாமல் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். நீ இருக்கிற பொலொக்ஷீல்ட்ஸை ஆற்றுக்குத் தெற்கே விரலால் தேடிப் பிடித்தேன். வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி இலக்கம் போடுவது இங்கே நாங்கள் செய்வதுபோலத்தான். இங்கேயும் போனமுறை எங்கள் கவுன்சிலை வட்டாரத்துக்கு ஒருவர் என்று புதிதாக வெட்டினார்கள். அந்த எல்லைகளை நான் தெருத்தெருவாக ஒப்புவித்தபோது, சொந்தக்காரரின் பிறந்தநாள் ஒன்றும் நினைவில்லாத மனுசனுக்கு இது மட்டும் எப்படி நிற்கிறது என்று அம்மா கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த மே மாத எலெக்சனில் நிற்கும் உங்கள் தெருப் பெண்ணுக்காக நீ வீடு வீடாகப் போகிறாய் என்று அறிந்து சந்தோசப்பட்டேன் மகள், அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு படம் அனுப்பியிருந்தாய், வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம். அதில் ஐந்தாறு பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ‘த’ என்று எழுதியிருந்தாய். தமிழ்ப் பெயர்களாகப் பார்த்துக் குறித்திருப்பதாகவும், அந்த வீடுகளுக்குத் தமிழில் அச்சடித்த துண்டுகளோடு போய்த் தமிழிலேயே கதைக்கப் போவதாகவும் சொல்லி, அப்பாவின் எழுத்து மாதிரியே இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய் நின்றேன். ஏன் முகம் வெளிறிப்போய் இருக்கிறது என்று அம்மா கேட்டபோது பிரஷர் என்று சொன்னேன்.

கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தேன் என்று மட்டும்தான் உங்கள் இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். எண்பத்திரண்டில் எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிகிற தற்காலிக வேலை அது. கொழும்பும் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்த நகரம்தான், எனக்குக் கிருலப்பனைப் பக்கத்தில் சின்னத் தெருக்களாகச் சில ஒழுங்கைகள் தந்தார்கள். அதில் ஒரு ஒழுங்கையில் முப்பத்தொரு வீடுகள், ஆறு தமிழ் வீடுகள், மற்றவை சிங்கள வீடுகள். பதினேழாம் இலக்கத்தில் மகேந்திரராஜா என்று ஒருவர், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை, மனைவியும் ஒரு பெண்பிள்ளையும். நல்ல சிங்களம் பேசுவார், அக்கம்பக்கத்தில் அவரைச் சிங்கள மரியாதையோடு மஹேந்திர மாத்தயா என்பார்கள், அவர் தமிழர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. படிவத்தை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. “எழுபத்தேழுக் கலவரத்தில ஒருக்கால் ஓடினனாங்கள் தம்பி, இப்ப இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிறம், எங்கட பேரை விட்டிடும்” என்றார். நான் விட்டேனா? வாக்கு உங்கள் உரிமை, பெயர் இல்லாவிட்டால் நீங்கள் இந்த நாட்டில் இல்லாத மாதிரி என்று வாசலில் நின்று அரைமணித்தியாலம் பிரசங்கம் வைத்தேன். கடைசியில் அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தர, அவர் தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பிறகு கந்தோரில் வாக்காளர் பட்டியலை, அந்த இடாப்பை எழுதும்போது இன்னொரு வேலை செய்தேன். அறிவித்தல்கள் எல்லாம் சிங்களத்தில் போய், எங்கள் சனம் விளங்காமல் கிழித்துப் போடுவதைப் பார்த்திருந்தேன். தமிழில் அனுப்பவேண்டும் என்று தலைமை எழுத்தரோடு வாதாடினேன், அவர் நல்ல மனுசன், யார் யாருக்கு என்று குறித்துத் தா என்றார். நான் ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு ‘த’ போட்டேன். தமிழ் அறிவித்தல்கள் போய்ச் சேர்ந்தன. நான் பெரிய காரியம் செய்த பெருமையில் திரிந்தேன். அதற்குப் பிறகு அந்தக் குறிக்குத் தேவையில்லை, அழித்திருக்க வேண்டும். வேலையின் கடைசி நாள் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ரெயினைப் பிடிக்கும் அவசரம், இடாப்பை அப்படியே அலுமாரியில் வைத்துவிட்டு ஓடினேன்.

எண்பத்துமூன்று ஆடி மாதம் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடித் தேடி எரித்ததை நீ வாசித்திருப்பாய். நான் அப்போது வேறு வேலை கிடைத்துத் திரும்பி வந்து, பொறளையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். அவர்கள் என்னை ஒளித்து வைத்தார்கள். என் பெயர் ஊர் இடாப்பில் இருந்தது, கொழும்பில் எந்தத் தாளிலும் இல்லை, என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் திறந்த அகதி முகாமுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒரு பெண் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். “கையில தாள் வைச்சிருந்தவங்கள். மற்ற வீடுகளில நிக்கேல்ல, நேர எங்கட வீட்டுக்கு வந்தவங்கள். தேப்பன்ர பேரோட இவற்ற முழுப்பேரையும் வாசிச்சுப்போட்டுத்தான் வெளியில கூப்பிட்டவங்கள். போனவர் திரும்பி வரேல்ல.” குரலில் அழுகை இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை நின்றது. எனக்குத் தேத்தண்ணி தந்த கை அது. நான் வாளியை வைத்துவிட்டு வரிசையை விட்டு விலகினேன், அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை.

அது நான் எழுதிய தாள்தானா என்று எனக்குத் தெரியாது மகள். அச்சிட்ட இடாப்புகள் எத்தனையோ இடத்தில் இருந்தன, யாரும் எடுத்திருக்கலாம். ஆனால் அச்சிட்ட தாளில் ‘த’ இல்லை. நாற்பத்துமூன்று வருசமாக நான் சும்மா இருக்கிற நேரமெல்லாம் அந்த ஒழுங்கை ஒன்றாம் இலக்கத்திலிருந்து என் வாயில் ஓடும். கார் ஓடும்போதும், கோயிலில் கண்ணை மூடும்போதும். பதினேழில் ஒருமுறை நிற்கும், பிறகு பதினெட்டு. ஏன் அப்பா உதடு அசையுது என்று சின்ன வயதில் நீ கேட்பாய், தேவாரம் என்பேன்.

முகாமில் தாயின் கையைப் பிடித்து நின்ற அந்தப் பிள்ளையின் பெயர் வதனி. இந்த ஊரில்தான் இருக்கிறார். பதினொரு வருசத்துக்கு முன் தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பில் யாரோ அவரை மகேந்திரராஜாவின் மகள் என்று அறிமுகப்படுத்தினார்கள். அன்றிலிருந்து எங்கே கண்டாலும் நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன். உன் படம் வந்த மூன்றாம் நாள் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன், ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார். சுகிர்தன் காரில் கொண்டுபோகிறேன் என்றான், வேண்டாமென்று ரெயின் மாறி, பஸ் எடுத்து நகரத்தின் மற்றக் கரையிலுள்ள ட்ருகனினாவுக்குப் போனேன். பெரிய பெரிய வெயார்ஹவுஸ்களைத் தாண்டிப் புது வீடுகள், ஒன்றுபோல ஒன்று, அவர் அந்த வெயார்ஹவுஸ் ஒன்றில்தான் வேலை செய்கிறார். தாய் இறந்து ஆறு வருசமாம். கதிரையில் இருத்திக் கோப்பி தந்தார். அதைத் தொடமுதலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாசலில் வைத்த பிரசங்கத்தையும் விடவில்லை. அவர் என் கையைப் பார்த்தபடி கேட்டார்.

“அண்ணை, அந்தக் குறி பேனையாலயோ பென்சிலாலயோ போட்டனீங்கள்?”

“பென்சிலால.”

“அப்ப அழிச்சிருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஓம் என்றேன். குசினிக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை, எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். வரும்போது மகனின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றோடு வந்தார். வீடு எரிந்ததில் ஒரு படமும் மிஞ்சவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தனக்கு நினைவில்லை, அம்மா அந்த ஒழுங்கையைப் பற்றி வாயே திறந்ததில்லை, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கோ என்றார். நான் ஒன்றாம் இலக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன், யார் இருந்தார்கள், என்ன வேலை, எந்த வீட்டில் நாய். முதல்முறையாக அது சத்தமாக வெளியே வந்தது. பதினேழில் நிறுத்தினேன். அவரே தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் எழுதினார். “எனக்கு அப்ப ஒன்பது வயது, நான் இடாப்பில இல்லை, என்ன?” என்று கேட்டுவிட்டுத் தன் பெயரையும் கீழே எழுதினார். இருபதாம் இலக்கத்தோடு என்னால் ஏலாமல் போய்விட்டது. பஸ் தரிப்பு வரை கூட வந்தார், பஸ் வந்தபோது அடுத்த ஞாயிறும் வாங்கோ என்றார். மன்னித்துவிட்டாரா என்று நீ கேட்பாய். அப்படி ஒரு சொல் அங்கே வரவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்னை வீடுகளுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை மகள். ஒவ்வொரு கதவையும் தட்டு, தமிழ்த் துண்டையும் மற்ற மொழித் துண்டுகளையும் கையில் வைத்துக்கொள், வீட்டுக்காரர் எது வேண்டும் என்று கேட்கிறாரோ அதைக் கொடு. அந்தச் சிவப்புக் குறி போட்ட தாள்களை மட்டும் உன் கையால் கிழித்துவிடு, குறியில்லாத புதுத் தாள் எடு, கொம்பியூட்டரில் ஏற்றியிருந்தால் அதிலும் எடுத்துவிடு, எனக்கு அனுப்பிய படத்தையும் அழி. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லு. அது வேற நாடு, அங்கே அப்படி நடக்காது என்று அவர்கள் சொல்லுவார்கள். சரியாகவும் இருக்கலாம், நானும் என் அலுமாரியை அப்படித்தான் நம்பினேன். இதற்காக உன்னில் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. நல்ல மனதோடுதான் செய்தாய், நானும் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். நாற்பது வருசம் என்னோடு இருந்தவர், முழுவதையும் கேட்டுவிட்டு, அடுத்தமுறை நானும் வாறன் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நனைந்த சப்பாத்தோடு திரியாதே, மழைக்கோட்டு பழசானால் புதிது வாங்கு. உன் மனமும் உடலும் திடமாக இருக்க, நீ தட்டுகிற கதவெல்லாம் நல்ல முகத்தோடு திறக்க, உன்னைப் பெற்றவர்கள் இருவரும் வாழ்த்துகிறோம். இதைப் படித்ததும் போன் எடு, எந்த நேரமென்றாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் எடுக்காதே, நானும் அம்மாவும் ட்ருகனினாவில் இருப்போம், இன்னும் பதினொரு வீடு இருக்கிறது.

என்றும் உன் அன்பு அப்பா,
சச்சிதானந்தன்